லாபம், தியோ, த்ரியா

1

கிரேக்க நாட்டுக்கு வந்த முதல் வருடம், கையில் நாற்பத்தேழாம் எண் சீட்டை வைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது முழுவதும் சும்மா உட்கார்ந்திருந்தேன். லாரிசா நகரத்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தங்கும் அனுமதி கொடுக்கிற அலுவலகம் அது. வாசலில் சீட்டுக் கொடுத்தார்கள். உள்ளே ஓர் அம்மாள் எண்களை வாயாலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் யாராவது எழுந்து போனார்கள். நம் முறை வந்தால் நம் முகத்தைப் பார்த்துக் கூப்பிடுவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டு காலை ஆட்டியபடி இருந்தேன். ஒரு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். 'சராந்தா எஃப்தா' என்று மூன்று முறை கூப்பிட்டதாக அந்த அம்மாள் பிறகு சைகையில் சொன்னார். அது நான்தான் என்று எனக்குத் தெரியவில்லை.

வெள்ளகோவிலில் தேங்காய்க் களத்தில் வளர்ந்தவன் நான். அ, ஆ எழுதுவதற்கு முன்பே ஆயிரம் வரை எண்ணியவன். அப்படிப்பட்டவன் எண்ணத் தெரியாமல் ஒரு நாளைத் தொலைத்துவிட்டு வந்தால் கோபம் வராதா? யார் மேல் காட்டுவது என்று தெரியாத கோபம். அந்தக் கோபத்திலேயே பத்து நாளில் ஒன்று முதல் நூறு வரை மனப்பாடம் செய்தேன். கிரேக்க இலக்கணம் இன்றைக்கும் எனக்குத் தண்ணி காட்டுகிறது. எண்ணில் மட்டும் என்னை ஒருத்தரும் அசைக்க முடியாது.

போன வாரம் அதே அலுவலகத்துக்கு அனுமதியைப் புதுப்பிக்கப் போனேன். வந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது. அங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் எடுத்ததும் சொன்னால் அதன் அருமை உங்களுக்குத் தெரியாது. வெள்ளகோவில் போய்ச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

2

பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற ஜின்னிங் இயந்திரங்களைப் பூட்டுகிற பிட்டர் நான். கோவையில் ஒரு பட்டறையில் இருந்தேன். லாரிசாவைச் சுற்றி எங்கே பார்த்தாலும் பருத்திக் காடு. இங்கே ஒரு ஜின்னிங் பேக்டரியில் இயந்திரம் பூட்ட மூன்று மாத வேலை என்று அனுப்பினார்கள். காந்திபுரத்தில் ஒவ்வொரு காகிதத்துக்கும் பத்து நகல் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன். பூட்டி முடித்ததும் முதலாளி, 'ஓட்டிக் காட்டிவிட்டுப் போ' என்றார். இன்னும் ஓட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வருடம் என் மனைவி வளர்மதி வந்து சேர்ந்தாள். மதுக்கரைக்காரி. சிமென்ட் புழுதியில் வளர்ந்தவளுக்கு இந்தப் பஞ்சுத் தூசு ஒரு தூசா என்பாள்.

எண்களைப் படித்த தைரியத்தில், எங்கள் வீட்டுக்குக் கீழே இருந்த பேக்கரியில் எள் தூவிய வளையரொட்டி வாங்கப் போனேன். கடைக்கார அம்மாள் பெயர் எலேனி. "பெந்தே" என்றேன், ஐந்து என்று அர்த்தம். ஒரு உறுதிக்காக ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். நம்மூரில் ஐந்து டீ அப்படித்தானே சொல்கிறோம். எலேனி அம்மாள் சிவந்துபோய் மேசையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். நல்லவேளை, வரிசையில் நின்ற ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துத் திருப்பி, புறங்கை எலேனி அம்மாளுக்குத் தெரிகிற மாதிரி வைத்தார். விரித்த உள்ளங்கையை ஒருத்தர் முகத்துக்கு நேராக நீட்டுவது இங்கே பெரிய வசவு. அந்தக் காலத்தில் குற்றவாளி முகத்தில் இப்படித்தான் கரியைப் பூசுவார்களாம்.

நாயைக்கூட 'போங்க' என்று விரட்டுகிற ஊர் என்று கொங்குக்காரர்களைக் கிண்டல் செய்வார்கள். அந்த ஊர்க்காரன் ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லாமலே இந்த ஊரிலேயே பெரிய வசவை வைதுவிட்டேன். விஷயம் புரிந்ததும் எலேனி அம்மாள் சிரித்த சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமானது. ஆறு ரொட்டி கொடுத்து அனுப்பினார்.

எங்கள் மகள் தாரணி பிறந்தபோது முதலில் பார்க்க வந்தவர் அவர்தான். குழந்தையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கண் படக் கூடாது என்று, 'ஃப்து, ஃப்து, ஃப்து' என மூன்று தடவை துப்புகிற மாதிரி செய்தார்.

"ஏனுங்க, இவங்க நம்ம காங்கயத்துப் பக்கமுங்களா?" என்றாள் வளர்மதி.

3

தாரணிக்கு இப்போது ஒன்பது வயது. தமிழ் முழுக்கப் புரியும். 'சோறு வேணுமா' என்றால் தட்டை எடுத்துக்கொண்டு வருவாள். பதில் மட்டும் கிரேக்கத்தில் வரும். ஞாயிற்றுக்கிழமை தோறும் வகுப்பு வைத்துப் பார்த்தேன். சாக்லேட் வைத்துப் பார்த்தேன். 'தமிழில் பேசினால்தான் பதில் சொல்வேன்' என்று மூன்று நாள் வீம்பு பிடித்தேன். அந்த மூன்று நாளும் அவள் தன் அம்மாவிடம் கேட்டு வேலையை முடித்துக்கொண்டாள். வீம்பில் எனக்குத்தான் நட்டம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தோம். மூன்று வாரமும் அவள் கட்டிலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் என்ன கேட்டாலும் தலையாட்டல்தான். கிளம்புகிற அன்றைக்கு என் அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. பாப்பாவுக்குப் பேச்சு வருதுங்களா? அங்கெல்லாம் நல்ல டாக்டர் இருப்பாங்க, ஒருக்கா காட்டிப்போடுங்க."

கேலியாகக் கேட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். அவர் உண்மையான அக்கறையில் கேட்டார்.

அதைவிட வலித்த ஒன்று இருக்கிறது. இங்கே ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில், "கண்ணு, பையக் குடு, அப்பா எடுத்துக்கிறேன்" என்றேன். அவள் கூட்டாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். தாரணி என் அருகில் வந்து, சத்தமில்லாமல், கிரேக்கத்தில் சொன்னாள்: "அப்பா, இங்கே அது வேண்டாம்."

'அது' என்றால் தமிழ். அன்றிலிருந்து வெளியே எங்கே போனாலும் அவளிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைக் கிரேக்கத்தில்தான் பேசினேன். தகப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் ஒரு வேலி முளைத்துவிட்டது, அதை நானே தண்ணி விட்டு வளர்க்கிறேன் என்று தோன்றும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, இயந்திரத்துக்குப் பின்னால் நின்று அழுதிருக்கிறேன்.

4

போன வருடம் ஜூலையில் மறுபடி போனோம். பேசு, பழகு என்று யாரும் அவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வளர்மதி எனக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

இப்போது களத்தை என் அண்ணன் பார்க்கிறார். சிமென்டுத் தரையில் உடைத்த தேங்காய் மூடிகளை வெயிலுக்குக் கவிழ்க்காமல் பரப்பி, காய்ந்ததும் பருப்பைத் தோண்டி, எண்ணெய் ஆட்டக் கொடுப்பது தொழில். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு லாரி தேங்காய் வந்து நின்றது. களத்தில் வேலை செய்கிற மாரப்பண்ணன் இறக்கி எண்ணிக்கொண்டிருந்தார். கைக்கு ஒன்றாக, ஒரு வீச்சுக்கு இரண்டு காய். வீச்சுக்கு ஒரு எண், ராகம் போட்டு. தாரணி வழக்கம்போல நிழலில் கட்டிலில் இருந்தாள். அவளுக்குத் தேங்காய் என்றால் கேக்கின் மேல் தூவுகிற வெள்ளைத் தூள்தான். இத்தனை பெரிதாக, இத்தனை மலையாக அது கிடப்பதைப் பார்த்ததும் போனை இறக்கி வைத்தாள்.

அண்ணனுக்கு இரண்டு குழந்தைகள். ஹரிணிக்குப் பத்து வயது, கவினுக்கு எட்டு. கவின் சும்மா இருக்க மாட்டான்.

"தாரணி, உங்கூர் பாஷைல பத்து வரைக்கும் சொல்லு பாக்கலாம்."

அவள் கடகடவென்று சொன்னாள். எனா, தியோ, த்ரியா, தேசெரா, பெந்தே, எக்ஸி, எஃப்தா, ஒக்தோ, எனியா, தேகா. ஹரிணிக்கு அது பிடித்துவிட்டது. "மெதுவாச் சொல்லு" என்றாள். தாரணி கட்டிலை விட்டு இறங்கி, ஒரு கரித்துண்டை எடுத்துத் தரையில் பாண்டிக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் குதித்துக் குதித்துச் சொல்லிக் கொடுத்தாள். களத்தில் வேலை செய்கிறவர்களின் குழந்தைகளும் வந்து சேர்ந்தார்கள். ஏழெட்டுப் பேர். நான் லாரிக்குப் பின்னால் நின்று மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் கட்டம் வந்தது. கவின் "பெந்தே" என்று கத்திக்கொண்டே ஐந்து விரலையும் விரித்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். தாரணி விருட்டென்று அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏன் அடிக்கிற?" என்றான் அவன்.

தாரணி வாயைத் திறந்தாள், மூடினாள். கிரேக்கத்தில் ஏதோ ஆரம்பித்தாள். எல்லாக் குழந்தைகளும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிரேக்கத்தில் சொன்னால் அங்கே ஒருத்தருக்கும் புரியாது, சொல்லாவிட்டால் அடித்த பழி அவள் மேல். நான் போய் விளக்கட்டுமா என்று ஓர் அடி வைத்தேன். பக்கத்தில் நின்ற வளர்மதி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அது... கெட்டது," என்றாள் தாரணி. தமிழில். "கை அப்படி வெச்சா, மூஞ்சில கரி பூசறது. அங்க சண்டை வரும். இப்படி வை." தன் கையைத் திருப்பிக் காட்டினாள். பிறகு கரித்துண்டைத் தேய்த்த தன் உள்ளங்கையை நிஜமாகவே கவின் கன்னத்தில் அப்பினாள். "பாரு, இது."

களம் முழுக்கச் சிரித்தது. "அப்பா ஒரு நாள் ரொட்டிக் கடைல வெச்சுட்டார்," என்று சேர்த்துக்கொண்டாள். இந்தக் கதையை அவளுக்கு யார் சொன்னது என்று நான் வளர்மதியைப் பார்த்தேன். அவள் வானத்தைப் பார்த்தாள்.

எட்டு வருடமாக நான் தமிழ் சொல்லிக் கொடுத்து அவள் பேசவில்லை. கிரேக்கம் சொல்லிக் கொடுப்பதற்கு அவளுக்குத் தமிழ் தேவைப்பட்டது. இது ஏன் என் மண்டைக்கு முன்பே எட்டவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

5

அதோடு முடியவில்லை. அடுத்து ஒரு சண்டை வந்தது.

முதல் கட்டத்தில் குதித்தபோது ஹரிணி "லாபம்" என்றாள். "எனா" என்று திருத்தினாள் தாரணி. ஹரிணி ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்க களத்துல ஒண்ணுன்னு ஆரம்பிக்க மாட்டோம். லாபம், ரெண்டு, மூணுன்னுதான் எண்ணுவோம். எந்தப் பாஷையா இருந்தாலும் மொதல்ல லாபம்."

"ஏன்?" என்றாள் தாரணி.

ஏன் என்று ஹரிணிக்குத் தெரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சின்ன வயதிலிருந்து அப்படி எண்ணியவன்தான், ஆனால் ஏன் என்று நானும் கேட்டதில்லை. லாரி மேலிருந்து மாரப்பண்ணன், எண்ணிக்கையை ஐந்நூறில் நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"மொத எண்ணு சாமிக்குன்னு எடுத்து வெக்கறதுங்க அம்மணி. லாபம்னு சொன்னா பெருகுமுங்க."

தாரணி கொஞ்ச நேரம் கரித்துண்டை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது.

"கேக் மாதிரியா? அங்க புது வருசத்துக்குக் கேக் வெட்டுவாங்க. உள்ள ஒரு காசு ஒளிச்சு வெச்சிருக்கும். மொதத் துண்டு சாமிக்கு. அடுத்தது சாமியோட அம்மாவுக்கு. அதுக்கு அடுத்தது..." வார்த்தை கிடைக்காமல் தேடினாள். களத்துக்கு அப்பால் இருந்த வீட்டைக் கை காட்டினாள்.

"ஊட்டுக்கா?" என்றாள் ஹரிணி.

"ஆமா, ஊட்டுக்கு. அப்பறம்தான் நமக்கு."

'ஊட்டுக்கு' என்று என் மகள் சொன்னாள். தீர்ப்பும் அவளே சொன்னாள்: லாபம், தியோ, த்ரியா. ஹரிணியும் ஒத்துக்கொண்டாள்.

அன்று மதியம் மூன்று மணிக்கு மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. எங்கள் பக்கம் மழை அத்தி பூத்தாற்போலத்தான் வரும். வேண்டும் என்கிறபோது வராது, களத்தில் காய் பரப்பியிருக்கிறபோது வரும். நனைந்த பருப்பில் பூஞ்சணம் பிடித்தால் இரண்டு நாள் பாடு வீண். ஆளுக்கொரு கூடையை எடுத்தோம். அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டகையில் குவிக்க வேண்டும், மிச்சத்துக்குத் தார்ப்பாய் போட வேண்டும். அண்ணன், அண்ணி, நான், வளர்மதி, வேலைக்காரர்கள், குழந்தைகள் எல்லோரும் ஓடினோம்.

கொட்டகை வாசலில் தாரணி நின்றாள். உள்ளே போகிற ஒவ்வொரு கூடைக்கும் அவள் எண் கூப்பிட, குழந்தைகள் பின்னாலேயே சொன்னார்கள். லாபம். தியோ. த்ரியா. இருபது தாண்டியதும் குழந்தைகளுக்குத் தெரியவில்லை, அவள் முன்னால் சொல்ல அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இகோசி எனா, இகோசி தியோ. அவசரத்தில் நான் இரண்டு கூடையைச் சேர்த்துத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

"அப்பா, நில்லுங்க. எண்ணு தப்பிப்போச்சு. ஒவ்வொண்ணாப் போங்க."

நான் நின்றேன். என் முன்னால் போன அண்ணியும் நின்றார். தலையில் கூடையோடு திரும்பி அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"டாக்டர் கிட்டக் காட்டுனீங்களா தம்பி?" என்று கேட்டார். இந்தத் தடவை கேலிதான். கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நூற்றுப் பன்னிரண்டு கூடை. கடைசிக் கூடை உள்ளே போன பிறகுதான் முதல் சொட்டு விழுந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், நாலு தூறல் போட்டுவிட்டு வெயில் அடித்தது. வானம் எங்களை ஓட்டிப் பார்த்திருக்கிறது. அண்ணன் மட்டும் நெற்றியில் அடித்துக்கொண்டார். மற்ற எல்லோரும் கிரேக்கத்தில் எண்ணிக்கொண்டே மறுபடி பரப்பினோம்.

6

செப்டம்பரில் பள்ளி திறந்தது. எனக்குள் பழைய பயமும் திறந்துகொண்டது. ஊர்த் தமிழ் விமானத்திலேயே தங்கிவிடுமோ என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஹரிணி வீடியோவில் கூப்பிட்டு, "நூறுக்கு மேல சொல்லிக் குடு" என்பாள். அப்போது தமிழ் வரும். புது வருட கேக்கைத் தாரணியே வெட்டினாள், சாமிக்கான முதல் துண்டை எடுத்து வைக்கும்போது "லாபம்" என்றாள். ஆனால் அதெல்லாம் நாலு சுவருக்குள். வெளியே வந்தால் மறுபடி கிரேக்கம்தான். பள்ளி வாசலில் நானும் வாயைத் திறக்கவில்லை. கிடைத்தவரை போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

போன வாரம் அந்த அலுவலகம். இந்த முறை தாரணியின் அட்டையையும் புதுப்பிக்க வேண்டும், ஆள் நேரில் வந்தாக வேண்டும். பழைய அனுபவத்தில் நான் விடியும் முன்பே கிளப்பிக் கூட்டிப் போய்விட்டேன். வளர்மதி தெர்மாஸில் காபி கொடுத்துவிட்டிருந்தாள். கதவு திறந்ததும் முதல் சீட்டு எங்களுக்கு. ஒன்றாம் எண். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

உள்ளே உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் கூடம் நிறைந்துவிட்டது. பல நாட்டு முகங்கள், எங்களுக்கு எதிரே தாரணியின் வகுப்பில் படிக்கிற ஓர் அல்பேனியப் பையன், தன் அம்மாவோடு. அவனைப் பார்த்ததும் தாரணி என்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். நான் பார்க்காத மாதிரி காகிதங்களைச் சரி செய்துகொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் இருந்தது. எதற்கு மூன்று கேட்பார்களோ என்று ஒரு பக்கம் பயம், பக்கத்தில் இருந்தும் தள்ளி இருக்கிறாளே என்று ஒரு பக்கம் வருத்தம். இரண்டும் சேர்ந்து காதை அடைத்துவிட்டன போலிருக்கிறது.

ஜன்னல் திறந்தது. அதே அம்மாள், தலை நரைத்திருந்தது. எண்ணைக் கூப்பிட்டார். எனக்கு உறைக்கவில்லை. எண்ணில் என்னை ஒருத்தரும் அசைக்க முடியாது என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா, அதே நான்தான். இரண்டாவது முறையும் கூப்பிட்டார். கூடம் முழுக்க யார் அந்த ஆள் என்று பார்த்தது.

தாரணி எழுந்து நின்றாள். எதிரே அந்தப் பையன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் என் கையைப் பிடித்து இழுத்து, அந்தக் கூடத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"அப்பா, லாபம் கூப்பிடறாங்க. எந்திரிங்க, போலாம்."